மண்மேட்டில் வைத்த பாட்டில்

உன்னைக் கொன்றது நம்முடைய கோயில்தான். குடி கொன்றது என்று ஊர் சொல்கிறது. கல்லீரல் என்று ஆஸ்பத்திரி சொல்கிறது. இரண்டும் பொய்யில்லை. ஆனால் நீ அரும்பாடுபட்டுத் தள்ளி வைத்திருந்த பாட்டிலை எடுத்துவந்து உன் கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்தது, ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்க நீட்டுகிற அதே கை.

இன்று காலை அந்தக் கையை மறுபடியும் பார்த்தேன், மச்சான். பங்குப் பேரவைச் செயலாளரின் மாமியார் நேற்று இறந்துபோனார். வழக்கம்போல நம் காலனிக்குத்தான் ஆள் வந்தது. நானும் அருளும் இன்னும் இரண்டு பேரும் கடப்பாரை மண்வெட்டியோடு கல்லறைக்குப் போனோம். முதல் கூடை மண் மேலே விழுந்ததும் செயலாளரின் தம்பி வந்தார். கையில் கறுப்பு கவர். உள்ளேயிருந்து பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, ஒரு மூடி பிராந்தியை மண்ணில் ஊற்றினார். மீதியை மண்மேட்டின் உச்சியில் நட்டு வைத்தார், மெழுகுவர்த்தி நடுவதுபோல அவ்வளவு பக்தியாக. புது மண் வாசனையும் பிராந்தி வாசனையும் கலந்து மூக்கில் ஏறியது. மற்றவர்களுக்கு அது சாவு வாசனை. எனக்கு அது உன் வாசனை.

உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊரில் யார் செத்தாலும் குழி வெட்டுவது நாம். ஊர்த்தெருவும் ஞானஸ்நானம் வாங்கியதுதான், காலனியும் வாங்கியதுதான். ஒரே பீடம், ஒரே பாத்திரம், ஒரே பாட்டு. குழிக்குள் இறங்குகிற கால் மட்டும் எப்போதும் காலனிக் கால். வேலை முடிந்தபின் நமக்குச் சோறு போட மறந்துவிடுவார்கள். பாட்டிலை மறந்ததே இல்லை. கேட்டால் வழக்கம் என்பார்கள். மண் வெட்டுகிறவனுக்கு உடம்பு வலிக்குமாம், பிணத்தைப் பார்த்தால் பயம் வருமாம். நம்மேல் அவ்வளவு கரிசனம்.

நீ குடியை விட்ட கதை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. விழுப்புரத்தில் சென்ட்ரிங் வேலையில் பலகை அடித்துக்கொண்டிருந்தபோது ரத்த வாந்தி எடுத்தாய். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். வார்டில் அந்த டாக்டர் உன் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இதுவரைக்கும் உள்ள போனது போதும். இனிமே ஒரு மூடி போனாலும் எங்கிட்ட வராத. நேரா உங்க ஃபாதர்கிட்டப் போயிடு."

நீ சிரித்தாய். உன் மனைவி எஸ்தர் சிரிக்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ சொன்னாய்: "டாக்டரு ஷோக்கா பேசறாரு மாப்ள. ஆனா எஸ்தர் மூஞ்சியப் பாத்தியா? அதுதான்டா பயமா கீது."

அதற்குப் பிறகு நீ செய்தது யாருக்கும் சரியாகப் புரியவில்லை. உனக்குத் தரிசனம் வரவில்லை. மேடையில் விழுந்து புரளவில்லை. வீட்டுக்குக் காவல் போடுகிறவன் எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்ப்பானே, அப்படி உன்னையே சுற்றி வந்து பார்த்தாய். கூட்டேரிப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் பிராந்திக் கடை கண்ணில் படும் என்று ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி வயல் வழியாக நடந்து வந்தாய். வேலை முடிந்ததும் மேஸ்திரியின் ஆட்கள் கூடுகிற இடத்துக்குப் போகாமல் முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பினாய். சட்டைப் பையில் எப்போதும் வறுத்த வேர்க்கடலை, நம் மல்லாட்டை. நாக்கு இழுக்கும்போதெல்லாம் நாலு பருப்பை வாயில் போட்டு மென்றாய். உன் சட்டைப் பையின் ஓரத்தில் சிவப்புத் தோல் ஒட்டிக்கொண்டே இருக்கும். துவைக்கும்போது எஸ்தர் திட்டுவாள்.

"காலி வவுறுதான்டா அதுக்கு வாசப்படி" என்பாய். "பிசாசு கொம்பு வெச்சிக்கினு வரும்னு சின்னப் பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கறானுங்க. கொம்போட வந்தா ஓடிட மாட்டமா? அது தோள்ல கை போட்டுக்கினு வரும். பேர் சொல்லிக் கூப்புடும். சாப்ட்டியான்னு கேக்கும்."

பூசையில், ஆண்டவர் கற்றுக்கொடுத்த செபத்தில், எங்களைச் சோதனையில் விழவிடாதேயும் என்று சோதனையைப் பற்றி ஒரு வரி வரும். அந்த இடத்தில் மட்டும் உன் குரல் உயரும். முன்வரிசைக் குழந்தைகள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். எஸ்தர் உன் தொடையில் கிள்ளுவாள். நீ நிறுத்தவில்லை. மற்றவர்களுக்கு அது செபத்தின் நடுவில் வருகிற ஒரு வரி. உனக்கு அன்றைய நாளின் வேலை.

பிறகுதான் கோயில்காரர்கள் உன்னைக் கண்டுபிடித்தார்கள்.

தவக்காலத் தியானக் கூட்டத்துக்கு உன்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். திண்டிவனத்தில் நான் வேலை செய்கிற கடைக்குத்தான் பிளக்ஸ் ஆர்டர் வந்தது. உன் போட்டோவைப் போட்டு, கீழே பெரிய எழுத்தில் 'குடியை வென்றவர்' என்று அடிக்கச் சொல்லியிருந்தார்கள். நீ கடைக்கு வந்து கம்ப்யூட்டரில் உன் முகத்தைப் பார்த்தாய்.

"இன்னாடா இது, வார்டு எலெக்‌ஷன்ல நிக்கிற மாதிரி கீது. சின்னம் ஒண்ணுதான் பாக்கி."

"மல்லாட்டைச் சின்னம் போட்டுடவா?"

"போடு, டெபாசிட்டாவது வரும்." திரையில் அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தாய். பிறகு, "அந்த வென்றவர் மட்டும் வேணாம். எடுத்துடு மாப்ள."

"ஏன்டா?"

"ஜெயிச்சேன்னு போட்டா அந்தப் பிசாசும் படிக்கும். அப்புறம் எங்க காவல் இல்லியோ அங்க வந்து நிக்கும். ஜெயிச்சவன்தான்டா மொதல்ல தூங்குவான்."

நான் எடுத்துவிட்டேன். மாலையில் செயலாளர் போன் செய்து திரும்பப் போடச் சொன்னார். கோயில் செலவில் அடிக்கிற பிளக்ஸ், கோயில் சொல்கிறபடிதான் இருக்குமாம்.

அந்தக் கூட்டத்தில் பங்குத் தந்தை கெத்சமனித் தோட்டத்தைப் பற்றிப் பேசினார். ஆண்டவர் பிடிபட்ட இரவில் விழித்திருக்கச் சொல்லியும் சீடர்கள் தூங்கிவிட்டதைப் பற்றி உருக்கமாகச் சொன்னார். செல்போன், சினிமா, ஜீன்ஸ் பேன்ட், காதல் என்று இளைஞர்கள் எதிலெல்லாம் விழித்திருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். யார் வீட்டுக் குழியை யார் வெட்டுகிறார்கள் என்பது அதில் வரவில்லை. கூட்டம் முடிந்து வெளியே டீக்கடையில் நின்றபோது நீ சொன்னதை நான் இன்றுவரை எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

"ஃபாதர் ஒண்ண வுட்டுட்டாரு மாப்ள. ஆண்டவரே அன்னிக்குத் தனியா இருக்க முடியாம மூணு பேரக் கூட்டிக்கினு போனாரு. எங்கூட முழிச்சிருங்கன்னு கேட்டாரு. நான் இன்னா அவர வுட பெரிய ஆளா? என்ன மட்டும் தனியா முழிச்சிக்கினு இருன்னா எப்படி?"

அதைத்தான் நீ பேரவைக் கூட்டத்தில் கேட்கப் போனாய். போவதற்கு முன்னால் காலனியில் நம் ஆட்களிடம் சொன்னாய். இனி பாட்டில் வேண்டாம் என்று எல்லோரும் சேர்ந்து சொல்லலாம் என்றாய். அருள்தான் முதலில் எகிறினான். "டாக்டரு ஒனக்குதான் வேணாம்னாரு. எனக்கு எந்த டாக்டரும் சொல்லல. நீ பரலோகம் போறதுக்கு ஏன்டா என் வாயில மண்ணப் போடற?" எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். தனியாகவே போனாய். நான் பின்னால் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

வேலைக்கு இன்டர்வியூ போகிறவன் மாதிரி சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு எழுந்து நின்றாய்.

"சார், குழி வெட்ட வர மாட்டம்னு சொல்லல. பாட்டில் மட்டும் வேணாம். டீயும் டிபனும் குடுங்க, போதும். இன்னொண்ணு, எல்லாத் தெருவுலேர்ந்தும் மொற வெச்சி ஆள் வரட்டும். சாவு எல்லாருக்கும் பொதுதானுங்களே."

செயலாளர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். வகுப்பில் தப்பாகப் பதில் சொன்ன பையனைப் பார்ப்பதுபோலப் பார்த்துச் சிரித்தார். முறை வைப்பதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. பாட்டிலுக்கு மட்டும் பதில் சொன்னார்.

"நீதான் குடிய ஜெயிச்சவனாச்சே, ஊரெல்லாம் பிளக்ஸ் வெச்சிருக்கோம். பாட்டில் பக்கத்துல இருந்தா உனக்கு என்ன? விசுவாசம் இருந்தா அது வெறும் தண்ணி. நீ விழிப்பா இருந்துக்க, அவ்ளோதான். அதுக்காகப் பெரியவங்க வழக்கத்த மாத்த முடியுமா?"

நீ உடனே உட்காரவில்லை. "கோயில் உச்சியில ஆண்டவர ஏத்தி வெச்சி, குதிச்சுக் காட்டு, ஒனக்கு ஒண்ணும் ஆவாதுன்னு சோதிக்க வந்த ஒருத்தன் சொன்னான் சார். அவன் யாருன்னு உங்களுக்கே தெரியும்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பங்குத் தந்தை தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார். செயலாளரின் முகம் கறுத்துப்போனது. "மைக் குடுத்துச் சாட்சி சொல்ல வெச்சா இப்படித்தான் வாய் நீளும்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு, திருவிழாவுக்குச் சீரியல் லைட் யாரிடம் சொல்லலாம் என்று கேட்டார். நீ கேட்டதற்கு அதோடு முடிவு.

அந்த மழைக்காலத்தில் செயலாளரின் அப்பா செத்தார். நான் திண்டிவனத்தில் அவருடைய கண்ணீர் அஞ்சலி பிளக்ஸை அடித்துக்கொண்டிருந்தேன். குழியில் நடந்ததை அருள் பிறகு சொன்னான். வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியதாம். நீதான் உள்ளே நின்று காலையிலிருந்து வாளியில் இறைத்தாயாம். இடுப்பு வரை சேறு. டிபன் வரவில்லை. டீ வரவில்லை. பாட்டில் வந்தது. மண்மேட்டில் வைத்துவிட்டுச் செயலாளரின் தம்பி குடையோடு குழி ஓரத்துக்கு வந்து, உன்னை மேலே ஏறச் சொல்லி, தோளில் கை போட்டாராம்.

"அப்பாவுக்கு உன்ன ரொம்பப் புடிக்கும்டா. குளிர்ல வெடவெடன்னு நடுங்கறியே. சாப்ட்டியா? அவருக்காக ஒரு மூடி. ஒரு மூடி குடிச்சா செத்தா போயிடுவ?"

தோளில் கை. பேர் சொல்லிக் கூப்பிட்டது. சாப்பிட்டாயா என்று கேட்டது. நீ சொன்னது ஒன்றுவிடாமல் வந்து நின்றது, செத்துப்போன பெரியவரின் பேரை முன்னால் நிறுத்திக்கொண்டு.

அடக்கத்துக்கு நான் வந்து சேர்ந்தபோது நீ மண்மேட்டின் ஓரத்தில் தனியாகக் குந்தியிருந்தாய். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நீ சட்டைப் பைக்குள் கையை விட்டு, கூழாகிப்போன ஒரு பிடியை எடுத்துக் காட்டினாய்.

"மல்லாட்ட நனஞ்சி பூட்ச்சி மாப்ள."

அந்த வாரமே கூட்டேரிப்பட்டு டீக்கடையில் செயலாளரின் தம்பி பத்துப் பேர் கேட்கச் சொல்லிச் சிரித்தார்: "சாட்சி சொன்னவர் சறுக்கிட்டாரு, பாத்தீங்களா?" தன் கையால் குழி பறித்து, அதில் விழுந்தவனை எட்டிப் பார்த்துச் சிரிக்கிற ஆளைப் பார்த்தால் எனக்குக் கோபம்கூட வருவதில்லை. அழுகிய மீனை மிதித்ததுபோல இருக்கிறது. அந்த மூடியோடு திறந்த கதவை அதன்பின் உன்னால் சாத்த முடியவில்லை. அடுத்த தவக்காலம் வருவதற்குள் நீ போய்விட்டாய். டாக்டர் சொன்னபடி கடைசியில் ஃபாதரிடம்தான் போனாய்.

உன் சாவுப் பூசையிலும் பங்குத் தந்தை விழிப்பைப் பற்றித்தான் பேசினார். "நம் சகோதரர் நன்றாகத் தொடங்கினார், விழிப்பாக இல்லாததால் வீழ்ந்தார், இது இளைஞர்களுக்கு ஒரு பாடம்" என்றார். ஊர்த்தெரு ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டினார்கள். உன்னைவிட விழிப்பாக இருந்த ஒருவனை நான் இதுவரை பார்த்ததில்லை. அந்தக் கோயிலில் அன்றைக்குத் தூங்காதவன் நீ ஒருவன்தான், பெட்டிக்குள்.

உன் குழியை நாங்கள் வெட்டினோம். அதற்கும் பாட்டில் வந்தது, மச்சான். உன் வீட்டில் யாரும் வாங்கவில்லை; கோயில் சார்பாகச் செயலாளரே கொண்டுவந்தார். பிரிந்த ஆத்துமாவுக்கு மரியாதையாம். எஸ்தர் அழுகையை நிறுத்தினாள். மண்மேட்டில் ஏறி அந்தப் பாட்டிலை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "இதையும் மேடையில ஏத்துங்க சார். நல்லா சாட்சி சொல்லும்." அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதை வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டார்.

இன்று காலைக்கு வருகிறேன். நீ போன பிறகு அருள் குடியை விட்டிருக்கிறான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பிளக்ஸ் வைத்துவிடுவார்கள் என்று பயம். எனக்கு மட்டும் தெரியும், ஏனென்றால் சாயங்காலம் அவனோடு நான்தான் நடந்து வருகிறேன், உன் வயல் வழியில். இன்று பாட்டிலை மண்மேல் நட்டதும் அருளின் தொண்டைக் குழி ஏறி இறங்கியதைப் பார்த்தேன். உன்னைத் தின்றது அடுத்தவனைத் தேடி வந்து உட்கார்ந்திருந்தது.

சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி மல்லாட்டையை எடுத்து அவன் கையில் திணித்தேன். அவன் என்னைப் பார்க்காமலே மென்றான். நான் கடப்பாரையைக் குழியில் குத்தி நிறுத்திவிட்டு மேலே ஏறினேன்.

"பாட்டில எடுங்க. அப்புறம் உங்க தெருவுலேர்ந்து ஒருத்தர் உள்ள எறங்குங்க. நாங்களும் வெட்டறோம், சேர்ந்தே வெட்டலாம்."

"தம்பி, சாவு வூட்டுல பேஜாரு பண்ணாத" என்றார் செயலாளரின் தம்பி.

"எறங்குங்க சார். உங்க அண்ணனோட மாமியார்தான."

அவர் தன் வெள்ளை வேட்டியைப் பார்த்தார். பிறகு செல்போனை எடுத்தார். அடுத்து நடந்ததைக் கேட்டால் நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். கூட்டேரிப்பட்டிலிருந்து ஜேசிபி வந்தது. கல்லறையின் வாசல் குறுகல், வண்டி நுழையவில்லை. சுற்றுச்சுவரை இடித்தார்கள். காலம் காலமாக நின்ற சுவரை இடிக்கத் துணிந்தார்கள், மச்சான், மண்வெட்டியைத் தொடத் துணியவில்லை. பக்கத்தில் இருந்த இரண்டு சிலுவைகளும் சாய்ந்தன. குழி முடிந்ததும் அந்தத் தம்பி பாட்டிலை எடுத்துத் துடைத்து ஜேசிபி டிரைவரின் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "இன்னாங்க இது?" என்று டிரைவர் கேட்டார். "வழக்கம், வெச்சிக்க" என்றார். டிரைவர் அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, "நான் வண்டி ஓட்டணுங்க" என்று சொல்லிக் கிளம்பிப் போனார்.

அடக்கச் செபத்துக்கு நாங்கள் நால்வரும் இடிந்த சுவரோரம் நின்றோம். சோதனையைப் பற்றிய அந்த வரி வந்தபோது என் குரல் உயர்ந்தது. நீ எனக்கு விட்டுப்போனது இரண்டே விஷயம்: பையில் இந்தப் பருப்பு, தொண்டையில் அந்த வரி. எனக்கு உன் அளவுக்கு விசுவாசம் இல்லை. ஆனால் ஒருவன் விழித்திருக்கப் பாடுபடும்போது அவன் பக்கத்தில் தூங்கக் கூடாது என்பது மட்டும் தெரிகிறது. இன்று என் குரலோடு இன்னொரு குரலும் உயர்ந்தது. அருளுடையது. சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

மண் போட்டு முடிந்ததும் நான் பங்குத் தந்தையின் முன்னால் போய் நின்றேன். செயலாளர், அவர் தம்பி, ஊர்த்தெரு, காலனி எல்லாம் கேட்கத்தான் சொன்னேன்.

"ஃபாதர், அவன் விழிப்பா இல்லாததால வுழுந்தான்னு பூசையில சொன்னீங்க. வர்ற ஞாயித்துக்கெழம அதே எடத்துல நின்னு, பாட்டில வெச்சது நாமதான்னு சொல்லுங்க. அவன் பேரச் சொல்லிச் சொல்லுங்க."

அவர் அங்கியைச் சேறு படாமல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடிந்த சுவரைத் தாண்டிக் காரை நோக்கி நடந்தார். நான் கூடவே நடந்தேன். கார்க் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடியைத் தட்டி மறுபடியும் கேட்டேன்.

"சொல்லுவீங்களா ஃபாதர்?"